நீருக்கடியில் எடுத்த படம் கெட்டுப்போனால்: அறிகுறியை வைத்துக் காரணம் காணும் வழிமுறை

பெங்களூருவிலிருந்து இரவுப் பேருந்தில் முருடேஸ்வரம் சென்று, மறுநாள் காலை படகேறி நேத்ராணித் தீவருகே ஸ்கூபா டைவிங் செய்துவிட்டு வரும் தமிழர்கள் இந்நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் போகிறவர்களும் உண்டு. ஓபன் வாட்டர் என்னும் தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் கைக்கு வந்ததும் அவர்களில் பலர் அடுத்து வாங்குவது ஒரு கேமராவையும், அதை நீர் புகாமல் காக்கும் ஹவுசிங் என்ற உறையையும்தான். அல்சூரிலும் இந்திராநகரிலும் உள்ள நண்பர்கள் கொண்டுவந்து காட்டும் முதல் படங்களில் ஒரே வகைக் குறைகளையே திரும்பத் திரும்பக் காண்கிறேன். "கேமராவில் ஏதோ கோளாறு இருக்கிறது, அண்ணா" என்றுதான் பேச்சு தொடங்கும். அநேகமாகக் கேமரா நன்றாகவே இருக்கும். லென்ஸுக்கும் மீனுக்கும் இடையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, எடுத்தவரின் உடல் அந்த நேரத்தில் எவ்வளவு நிலையாக மிதந்தது என்ற இரண்டையும் கேட்டாலே பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் புலப்பட்டுவிடும். படத்தில் தெரியும் குறையை வைத்து உரிய பகுதிக்கு நேரே செல்லலாம்; ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

படம் முழுவதும் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கிறது

தண்ணீர் ஒளியின் எல்லா நிறங்களையும் ஒன்றுபோல் ஊடுருவ விடுவதில்லை. சிவப்பைத்தான் முதலில் உறிஞ்சுகிறது. சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். 10 மீட்டரை ஒட்டி ஆரஞ்சும், 20 மீட்டரை நெருங்கும்போது மஞ்சளும் மங்கிவிடும். எஞ்சுவது நீலமும் பச்சையும். நம் மூளை இந்த இழப்பைத் தானாகவே ஓரளவு ஈடுகட்டிக்கொள்வதால், நீருக்குள் இருக்கும்போது நிறம் குறைந்திருப்பது நமக்கு உறைப்பதில்லை. கேமராவோ வந்த ஒளியை வந்தபடியே பதிவு செய்கிறது.

இங்கே புதியவர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. ஒளி கடக்கும் தூரம் என்பது ஆழம் மட்டுமே ஆகாது. நீர்ப்பரப்பிலிருந்து மீன்வரையும், மீனிலிருந்து லென்ஸ்வரையும் உள்ள இரண்டு தூரங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 6 மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனை 3 மீட்டர் தள்ளியிருந்து எடுத்தால் ஒளி 9 மீட்டர் தண்ணீரைக் கடந்து வந்திருக்கிறது. அதே மீனை அரை மீட்டர் தொலைவில் எடுத்தால் ஆறரை மீட்டர்தான். ஆகவே முதல் திருத்தம் அருகே செல்வதே. ஜூம் செய்வது மீனைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர நடுவிலுள்ள தண்ணீரைக் குறைக்காது. அதனால் ஜூம் வளையத்தை மிக அகலமான நிலையில் வைத்துவிட்டு, கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் வந்த பிறகே ஷட்டரை அழுத்துவது என்று பழகிக்கொள்வது நல்லது.

அருகே போனால் பொருள் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை என்பது அடுத்த குறை. இதற்கும் இயற்பியல் காரணம் இருக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னுள்ள தட்டையான கண்ணாடிச் சாளரமான போர்ட் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தோன்றும். கரையில் 28 மி.மீ. பார்வை தரும் லென்ஸ் நீருக்குள் சுமார் 37 மி.மீ. லென்ஸைப் போல நடந்துகொள்கிறது. பார்வை குறுகியதால் எடுப்பவர் பின்வாங்குகிறார். பின்வாங்கியதால் தண்ணீர் கூடுகிறது. தண்ணீர் கூடியதால் படம் மேலும் நீலமாகிறது. இந்தச் சுழற்சியை முறிக்க, போர்ட்டின் மேல் நீருக்குள்ளேயே பொருத்திக் கழற்றக்கூடிய அகலக்கோண லென்ஸ் அல்லது அரைக்கோள (டோம்) வடிவப் போர்ட் வேண்டும். அவை இல்லாதவர்கள் பவளத்திட்டு முழுவதையும் பிடிக்க முயலாமல், ஒரு மீனின் முகத்தையோ பாறையில் ஒட்டியிருக்கும் சிறு உயிரையோ எடுக்கலாம். என் கருத்தில், முதல் வருடத்துக்கு அதுவே மேலான பயிற்சி.

அருகே சென்ற பிறகும் நீலம் மிஞ்சினால் வைட் பேலன்ஸைக் கையால் அமைக்க வேண்டும். எழுதும் வெள்ளைப் பலகையையோ வெண்மணலையோ சட்டகம் நிறையக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் முறை அது. ஆழம் 3 அல்லது 5 மீட்டர் மாறும்போதெல்லாம் மீண்டும் அமைக்க வேண்டும். 5 மீட்டரில் அமைத்ததை 12 மீட்டரில் பயன்படுத்தினால் பலன் இராது. சிவப்பு ஃபில்டர் ஏறத்தாழ 5 மீட்டர் முதல் 20 மீட்டர் வரை, சூரிய ஒளி நன்றாக விழும் இடத்தில் உதவும். பச்சை நீரில் மெஜந்தா ஃபில்டர்தான் பொருந்தும். கேமராவுக்கு வெளியே நீட்டிய கைத்தண்டில் பொருத்தும் தனி ஃபிளாஷான ஸ்ட்ரோப் விளக்கைப் பயன்படுத்தும்போது ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அருகிலுள்ள பொருள்கள் எல்லாம் செக்கச் செவேலென்று வந்து நிற்கும்.

படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன

கேமராவோடு ஒட்டியிருக்கும் ஃபிளாஷின் வேலை இது. நந்தி மலைப் பாதையில் மூடுபனிக்குள் காரின் ஹைபீம் விளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுவதைப் போல, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் மணல் துகள்களும் ஃபிளாஷ் ஒளியை நேராக லென்ஸுக்குள் திருப்பி அனுப்புகின்றன.

ஸ்ட்ரோப் இல்லாதவர்கள் ஃபிளாஷை முற்றிலும் அணைத்துவிட்டு, 8 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் போதும். புள்ளிகள் பெருமளவு மறைந்துவிடும். ஸ்ட்ரோப் வைத்திருப்பவர்கள் அதன் கைத்தண்டை லென்ஸிலிருந்து விலக்கி, விளக்கின் முகத்தைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மீனின் மேல் விழ வேண்டியது ஒளிக்கூம்பின் உள்விளிம்பு மட்டுமே. கூம்பின் நடுப்பகுதி மீனுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள தண்ணீரைத் தொடாமல் இருந்தால், துகள்கள் அங்கே இருந்தும் ஒளிராமல் போகும்.

துகள்களை எழுப்பியவர் நாமாகவே இருக்கவும் கூடும். மணல்தரைக்கு அருகில் காலில் மாட்டிய துடுப்பை மேலும் கீழுமாக உதைத்தால் தூசி மேகம் எழும். தவளை நீந்துவதைப் போலக் கால்களைப் பக்கவாட்டில் விரித்துச் சேர்க்கும் உதையைக் கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

படம் தெளிவில்லாமல் கலங்கியிருக்கிறது

கலங்கல் என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொன்னாலும் காரணங்கள் வெவ்வேறானவை. படத்தைக் கணினித் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் அவற்றைப் பிரித்தறியலாம்.

பாறை தெளிவாக இருந்து மீன் மட்டும் கோடிழுத்தாற்போல் இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. நொடியில் 125இல் ஒரு பங்கு என்பது குறைந்தபட்சம். துள்ளித் திரியும் சிறுமீன்களுக்கு 200இல் ஒரு பங்குக்கு ஏற்ற வேண்டும். ஸ்ட்ரோப் இல்லாவிட்டால் அதற்கு ஈடாகக் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 400 முதல் 800 வரை உயர்த்த நேரிடும். அதனால் படத்தில் மணல் தூவியதுபோல் வரும் புள்ளிகளை ஏற்றுக்கொள்ளலாம், இழுபட்ட படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

மீனும் பாறையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது கேமரா. ஷட்டரை வெடுக்கென்று அழுத்தியிருக்கலாம், அலையின் ஆட்டத்தில் உடல் போய்வந்திருக்கலாம். ஹவுசிங்கை இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, ஆட்டத்தின் ஒரு முனையில் உடல் நொடிப்பொழுது நிற்கும்போது அழுத்த வேண்டும். அதற்காக மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது. அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது மூச்சை நிறுத்திக்கொண்டு சிறிது மேலெழுந்தாலும் நுரையீரலுக்கு ஆபத்து. மெதுவாக வெளிவிடும் மூச்சின் நடுவில் அழுத்துவதே சரியான முறை.

மீன் கலங்கி, அதற்குப் பின்னாலோ முன்னாலோ உள்ள ஒன்று தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. பல புள்ளிகளில் தானாகத் தேடும் ஃபோகஸை விட்டுவிட்டு, ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து அதை மீனின் கண்மேல் வைக்க வேண்டும். கோப்ரோ போன்ற நிலைத்த ஃபோகஸ் கொண்ட ஆக்‌ஷன் கேமராக்களில் வேறொரு வரம்பு உண்டு: சுமார் 30 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில் அவை தெளிவாகக் காட்டா. அருகே போக வேண்டும் என்று மேலே சொன்னதை அவற்றோடு நீருக்குள் போகிறவர்கள் இந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் நெருங்க வேண்டுமானால் மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸைப் பொருத்த வேண்டும்.

எல்லாமே எண்ணெய் பூசியதுபோல் நெளிந்து தெரிந்தால், வெவ்வேறு வெப்பநிலை கொண்ட இரண்டு நீரடுக்குகள் கலக்கும் இடத்தில் நின்று எடுத்திருக்கிறீர்கள். சற்று மேலேறியோ கீழிறங்கியோ எடுப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

நடுவில் வெண்மையான மங்கல் வட்டம்

முதலில் போர்ட்டின் வெளிப்புறத்தை விரலால் துடையுங்கள். மங்கல் போய்விட்டால் அது ஒட்டியிருந்த காற்றுக்குமிழி. போகாவிட்டால் உள்ளே நீராவி படிந்திருக்கிறது.

ஹவுசிங்கை மூடும்போது உள்ளே அகப்பட்ட காற்றின் ஈரம்தான் இதற்கு மூலம். கேமரா இயங்கி உட்காற்றைச் சூடாக்குகிறது. கடல்நீர் கண்ணாடியைக் குளிர்விக்கிறது. ஈரம் கண்ணாடியில் வந்து படிகிறது. பெங்களூருவில் வீட்டு மேசையில் பலமுறை மூடித் திறந்து பார்த்தபோது வராத மங்கல், முருடேஸ்வரத்தின் புழுக்கமான காலையில் படகுத் துறையில் மூடியதும் வருவது இதனால்தான். முந்தைய இரவே, குளிரூட்டி சிறிது நேரம் ஓடிய அறையில், நன்கு உலர்ந்த கைகளுடன் மூடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் புதிய சிலிக்கா ஜெல் பொட்டலங்களை லென்ஸை மறைக்காத இடத்தில் வையுங்கள். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு பேட்டரியைப் போடாதீர்கள். படகில் ஹவுசிங்கை வெயிலில் வைக்காமல் ஈரத்துணி போர்த்தி நிழலில் வைத்திருங்கள். நீருக்குள் மங்கல் வந்துவிட்டால் கேமராவைச் சிறிது நேரம் அணைத்து வைப்பதும், நீண்ட காணொளிப் பதிவை நிறுத்துவதும் சில சமயம் பலன் தரும்.

பெங்களூரு வாசிகளுக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் குறைவு. இங்கேயே இறுக மூடிக் கொண்டுபோனால், கடற்கரையில் வெளிக்காற்று ஹவுசிங்கின் கதவை உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும், திறப்பது கடினமாகும். கத்தி முனையால் நெம்பினால், நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழும். அந்தமானுக்கு விமானத்தில் போகிறவர்கள் ஹவுசிங்கைப் பூட்டாமலோ, ஓ-ரிங்கைத் தனியே கழற்றியோ கொண்டுபோக வேண்டும். இதே உயரம் நம் உடலுக்கும் கணக்கு: டைவ் முடிந்த கையோடு காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்கு ஏறுவது உடலுக்கு ஆபத்து. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் கழிந்த பின்பே விமானம் ஏற வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டல். 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குச் சாலையில் ஏறும்போதும் அதே இடைவெளியைக் கடைப்பிடிப்பதுதான் பாதுகாப்பு. படங்களைப் பார்க்கும் அவசரத்தில் பிற்பகல் டைவை முடித்துக்கொண்டு அன்றிரவே மலைத்தொடர் ஏறும் பேருந்தைப் பிடிக்காதீர்கள்.

மீனின் வால் மட்டுமே விழுகிறது. காற்றும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். மிதப்புக் கட்டுப்பாடு இன்னும் கைவராதவரின் கையில் கேமரா சேர்ந்திருக்கிறது. கவனம் திரைமேல் போனதும் உடல் மேலே எழுகிறது, அல்லது பவளத்தின் மேல் இறங்குகிறது. மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையான பிசிடியில் காற்றை ஏற்றி இறக்குவதிலும் கைகால்களை வீசுவதிலும் சிலிண்டர் காலியாகிறது. அந்த அமளியைக் கண்ட மீன் திரும்பிப் போய்விடுகிறது. முதல் சில டைவ்களில் கேமரா வேண்டாம் என்று தடுக்கும் பயிற்றுநர்கள் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள்.

பயிற்சியைப் பெங்களூருவின் நீச்சல்குளத்திலேயே தொடங்கலாம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கை அசைக்காமல், மூச்சால் மட்டுமே உயரத்தைக் கட்டுப்படுத்தி நிற்கப் பழகுங்கள்; அது வந்த பிறகு ஹவுசிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். குளத்தில் வைட் பேலன்ஸையோ துகள் பிரச்சினையையோ கற்க முடியாது, ஆனால் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்பதை விரல்கள் பார்க்காமலே அறிந்துகொள்ளும்.

கடலில் மீனைத் துரத்தக் கூடாது. துரத்தினால் வால்தான் கிடைக்கும். மேலிருந்து எடுக்காமல் மீனின் மட்டத்துக்கோ சற்றுக் கீழோ இறங்கி, பக்கவாட்டில் மெல்ல அணுகுங்கள். மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் இயல்புடையவை என்பதால், ஓட்டத்தின் திசை தெரிந்தால் முகம் எந்தப் பக்கம் இருக்கும் என்பதும் தெரியும். நிலைகொள்வதற்காகப் பவளத்தைப் பிடிப்பது எந்தப் படத்துக்காகவும் செய்யத்தகாத செயல். பவளம் உயிருள்ளது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு அதற்கு உண்டு. ஒரு கைப்பிடியில் உடையும் கிளை வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பொத்தான் தானாகவே அழுந்துகிறது, அல்லது வேலை செய்யவில்லை

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆழத்தில் மட்டும் பொத்தான் அழுந்தி நின்றால் அந்த அழுத்தத்தைச் சுருள்வில் தாங்கவில்லை என்று பொருள்; ஹவுசிங்கின் ஆழ வரம்பைப் பாருங்கள். கரையிலும் சிக்கினால் உப்பு படிந்திருக்கிறது; மூடியபடியே நன்னீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஊறும்போதே ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்திவிடுங்கள். கைபேசியின் தொடுதிரை நீருக்குள் இயங்காது. நீர்த்தாங்கலைக் குறிக்கும் ஐபி68 தரச்சான்றும் ஸ்கூபா ஆழத்துக்கு உரியது அல்ல. உரிய டைவ் ஹவுசிங் இல்லாமல் கைபேசியைக் கடலுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

உள்ளே நீர்த்துளி தெரிகிறது

டைவ் துணைவருக்குச் சைகை காட்டுங்கள். புகுந்த நீர் கேமராவின் உடலை எட்டாமல் முன்புறத்தில் தேங்கும்படி போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில் மேலே வாருங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிட நிறுத்தத்தையும் விட வேண்டாம். எந்தக் கேமராவுக்காகவும் விரைந்து மேலேறக் கூடாது. படகில் வெளிப்புறத்தை நன்கு துடைத்த பின் திறந்து, பேட்டரியையும் நினைவக அட்டையையும் உடனே எடுத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையில் கேமராவை இயக்கிப் பார்ப்பதுதான் பல கேமராக்களை முடித்துவைக்கிறது.

காரணம் பெரும்பாலும் ஓ-ரிங்கில் ஒட்டிய ஒரு முடி, நூலிழை அல்லது மணல். மூடுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் வளையத்தை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். தயாரிப்பாளர் தந்த கிரீஸை மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அதிகம் தடவினால் அதுவே மணலை ஈர்க்கும். வாசலின் வேண்டாம். எஸ்.பி. சாலையில் அளவு ஒத்ததுபோல் தோன்றும் வளையம் மலிவாகக் கிடைக்கலாம். தடிமனில் சிறு வேறுபாடும் நீரை உள்ளே விடும் என்பதால் அசல் வளையத்தையே வாங்குங்கள். ஆழத்தில் அழுத்தமே வளையத்தை இறுக்கிவிடுவதால், கசிவு பெரும்பாலும் முதல் ஓரிரு மீட்டரிலேயே தெரிந்துவிடும். ஆகவே கேமராவை வைக்காமல் ஒரு டிஷ்யூ தாளை மட்டும் வைத்து வாளி நீரில் மூழ்கடித்துச் சோதிப்பது உண்மையிலேயே பயனுள்ள சோதனை. கோப்ரோவின் அண்மைய மாதிரிகள் பல ஹவுசிங் இல்லாமல் 10 மீட்டர் வரை தாங்கும் என்றே குறிப்பிடப்படுகின்றன. அறிமுக டைவ் 12 மீட்டர் வரையும், ஓபன் வாட்டர் டைவ் 18 மீட்டர் வரையும் போகலாம் என்பதை அதோடு வைத்துப் பாருங்கள்.

நீருக்குள் அழகாகத் தெரிந்த படம் வீட்டில் இருண்டு கிடக்கிறது

மங்கலான சூழலில் கேமராவின் திரை உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும். திரையை நம்பாமல், படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். குவியல் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால் படம் இருட்டுத்தான். மாறாகச் சூரியன் விழும் பகுதி வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால் வெளிச்ச அளவைக் குறைத்து எடுங்கள். வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்கு ஒன்றும் இராது.

கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் வீட்டில் வைட் பேலன்ஸை முழுவதுமாக மாற்றியமைக்கலாம், நிழல் பகுதியையும் ஓரளவு மேலே கொண்டுவரலாம். ஜேபெக் கோப்பில் அந்த இடம் மிகக் குறைவு. எந்தக் கோப்பானாலும், லென்ஸை வந்தடையாத சிவப்பை மென்பொருள் உண்டாக்க முடியாது. சிவப்பை அளவுக்கு மீறி ஏற்றினால் பொரிப்பொரியாகப் புள்ளிகள்தான் வரும். அப்படிப்பட்ட படத்தில் ஆமையோ பெரிய மீன்கூட்டமோ பாறையின் விளிம்போ வடிவமாக நன்றாக அமைந்திருந்தால், நிறத்தைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைச் (கான்ட்ராஸ்ட்) சற்றே உயர்த்திப் பாருங்கள்; அழித்துவிட நினைத்த படங்கள் சில அதில் தேறிவிடும்.